கடிதத்தின் கடைசி நாலு வரி

ஓசூரில் சிப்காட் பக்கம் ஒரு வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. திறந்தால் உள்ளே நீல நிற இன்லேண்ட் லெட்டர்கள். வருஷவாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டி வைத்தவை. பெட்டிக்குச் சொந்தக்காரர் அங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், அவரைப் போல ஓசூரில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இந்தக் கட்டுரையில் பாதி அவரைப் பற்றியது, மீதி பாதி பவுல் எழுதிய நிருபங்களைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அவருக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 1985-ல் அப்ரண்டிஸாக ஓசூருக்கு வந்தார். ஓசூர் அன்று தர்மபுரி மாவட்டம் (கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல்). பனங்காட்டு வெயிலில் வளர்ந்த பையனுக்கு ஓசூர்க் குளிர் பெரிய அதிர்ச்சி. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், மார்கழி வந்தால் விரல் மடங்காது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி பேச்சு. கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். வீட்டுக்காரம்மா கன்னடத்தில் திட்டுவார். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். ஒரே அறையில் ஐந்து பேர், ஒரு ஸ்டவ், ஒரு பாய் குறைவு. ஐவரில் ஒருவர் முட்டை கூடத் தொடமாட்டார். அவர் பாத்திரத்தில் யாரோ மீன் பொரித்துவிட்டார்கள் என்று ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்று போனதும் உண்டு. இந்த மீன் சண்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

பத்து நாளுக்கு ஒருமுறை அம்மாவிடமிருந்து கடிதம் வரும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொண்ட தன் பெயர் மட்டும் எழுதுவார். எட்டாம் வகுப்புப் படித்த பக்கத்து வீட்டுப் பெண்தான் அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பாள். ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான். கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கு யாவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம், அங்கு உன் சுகத்துக்கு எழுதவும். பிறகு மழை பெய்ததா, ஓலைப்பெட்டி எத்தனை விற்றது, மணியார்டர் வந்து சேர்ந்ததா. அதற்குப் பிறகு பட்டியல். பெரியப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். சித்தி கேட்டாள். கோயில் பிள்ளை கேட்டார். ஆச்சி உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். இடம் தீர்ந்ததும் எழுத்து தாளின் ஓரத்துக்கு ஏறிவிடும், அங்கேயும் தீர்ந்தால் ஒட்டுகிற மடிப்புக்குப் போகும். மடிப்பைக் கிழிக்கும்போது இரண்டு மாமாக்கள் கிழிபடுவது சகஜம். கடைசியாக எழுதிக் கொடுக்கும் பெண் தன் பங்குக்கு ஒரு வரி போடுவாள், இதை எழுதுகிற நானும் அண்ணனைக் கேட்கிறேன் என்று. அதற்கும் கீழே அம்மாவின் பெயர். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு, ஒன்று மேலே ஒன்று கீழே.

பையன் எப்படிப் படிப்பான்? நடுவில் இருக்கும் ஏழெட்டு வரியை மட்டும். முதல் மூன்று வரி மனப்பாடம், கடைசிப் பட்டியல் எப்போதும் உள்ளதுதானே. (நாம் மட்டும் என்னவாம். ஆபீஸ் மெயிலில் ரிகார்ட்ஸ் என்று முடிவதை யார் படிக்கிறார்கள்?)

1986 அக்டோபரில் வந்த கடிதத்தையும் அப்படித்தான் படித்தான். தொழில் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. மழை, ஓலை, மணியார்டர். மடித்துப் பெட்டிக்குள் போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் இறங்கி, வாசலில் நின்றுகொண்டே ஆச்சியைக் கூப்பிட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அக்டோபரிலேயே அடக்கம் முடிந்திருந்தது.

அவனை வளர்த்தது ஆச்சிதான். அம்மா ஓலை முடையப் போன பகலெல்லாம் ஆச்சியின் மடிதான். அன்று அம்மாவோடு பெரிய சண்டை. ஏன் எழுதவில்லை, ஏன் தந்தி அடிக்கவில்லை, எல்லாரும் சுகம் என்று பொய் எழுத எப்படி மனசு வந்தது? அம்மா அழவில்லை. நீ வந்து சேருமுன் மண் போட்டிருப்பார்கள், பரீட்சையும் போயிருக்கும், ஆச்சியே சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்: "நான் பொய் எழுதலையே லே. கேட்டவுக பேரைப் பாரு. இல்லாதவுக கேட்டாகன்னு எப்படி எழுதச் சொல்லுவேன்?"

ஓசூருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து அக்டோபர் கடிதத்தை எடுத்தான். பெரியப்பா, சித்தி, கோயில் பிள்ளை, கிழிந்த மடிப்பில் இரண்டு மாமாக்கள். ஆச்சி பெயர் இல்லை. இங்கு யாவரும் சுகம் என்பதில் "யாவரும்" என்ற சொல்லும் இல்லை, வெறுமனே இங்கு சுகம். கடைசியில் அந்தப் பெண்ணின் வரியும் வேறு மாதிரி இருந்தது. அண்ணன் முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போகவும் என்று எழுதியிருந்தாள். அம்மா சொல்லி எழுதினது இல்லை அது, அவளே எழுதினது. இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

இனி பவுலுக்கு வரலாம். அந்த வருஷம் அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபிப்பார்கள். வேதத்தில் வாரம் ஒரு அதிகாரம். 1987 ஜனவரியில் ரோமர் 16-ம் அதிகாரம் வந்தது. பைபிள் படிப்பவர்களுக்குத் தெரியும், அது ஒரு பெயர்ப் பட்டியல். இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். பெயர்களும் வாயில் நுழையாது: அசிங்கிரீத்து, பிலெகோன், திரிபோசாள். விட்டுவிட்டு அடுத்த நிருபத்துக்குப் போகலாமே என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் மூத்தவரான ஒரு அண்ணாச்சி, எழுதினவன் மெனக்கெட்டு எழுதியிருக்கான், வாசிங்கடே என்றார். வாசித்தார்கள். 22-ம் வசனத்தில் தெர்தியு வந்தான். இந்த நிருபத்தை எழுதியவன் நான்தான், நானும் உங்களைக் கேட்டதாகச் சொல்கிறேன் என்பதே அவன் சொல்லும் மொத்தச் செய்தி. அந்த இடத்தில் நம் பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ரோமருக்கு எழுதிய நிருபம் கி.பி. 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து போனது. கிறிஸ்தவ இறையியலுக்கே அஸ்திவாரம் என்று அதைச் சொல்வார்கள். அகுஸ்தீனார், லூத்தர் எல்லாரும் அதற்குள் மூழ்கி முத்தெடுத்தவர்கள். பதினைந்து அதிகாரம் பவுல் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் உட்கார்ந்து கை நோக எழுதியவன் இந்தத் தெர்தியு. லத்தீனில் அந்தப் பெயருக்கு "மூன்றாவது" என்று பொருள். அடுத்த வசனத்திலேயே குவர்த்து என்று ஒருவன் வருகிறான், "நாலாவது". அடிமைகளுக்கு இப்படி எண்ணிட்ட பெயர் வைப்பது அங்கே வழக்கம்தான், ஆகையால் இவனும் அடிமையாகவோ விடுதலை பெற்றவனாகவோ இருந்திருக்கலாம். பவுலின் பெயரில் இருக்கும் கடிதங்களில் எழுதிக் கொடுத்தவன் தன் வாயால் "நான்" என்று சொல்வது இந்த ஒரே இடத்தில்தான். பவுல் அனுமதித்தாரா, அவனாகவே நுழைத்தானா? பக்கத்து வீட்டுப் பெண்ணை அறிந்தவர்களுக்கு இரண்டாவதுதான் நம்பத் தோன்றும்.

அந்தப் பட்டியலில் வாழ்த்துப் பெறுகிறவர்கள் பெயரோடு 24 பேர். பெயர் சொல்லாத இரண்டு பெண்கள் தனி: ரூபுவின் அம்மா, நேரேயாவின் சகோதரி. ரூபுவின் அம்மா எனக்கும் அம்மா என்கிறார் பவுல். எந்த ஊரில், எந்தக் காய்ச்சலில் அந்த அம்மா அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாரோ, அந்தக் கதை எங்கேயும் இல்லை. பெண்களை மட்டும் எண்ணினால் ஒன்பது பேர், கடிதத்தைக் கொண்டுபோன பெபேயாளையும் சேர்த்தால் பத்து. சபையில் பெண்கள் பேசலாமா கூடாதா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பவுல் அதுவரை ரோமுக்குப் போனதே இல்லை. போகாத ஊரில் இத்தனை பேரை எப்படித் தெரியும்? இந்தச் சந்தேகத்தில்தான், இந்த அதிகாரம் எபேசுவுக்குப் போன வேறு கடிதத்தின் துண்டு என்று சில அறிஞர்கள் வாதாடினார்கள். ஓசூர்க்காரர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியை மட்டும் பாருங்கள். ஆக்கில்லாவுக்குச் சொந்த ஊர் கருங்கடல் ஓரத்துப் பொந்து. பிழைப்புக்கு ரோம். கிலவுதியு பேரரசன் யூதர்களை வெளியேற்றியபோது (கி.பி. 49 என்பது பொதுவான கணக்கு) கொரிந்து. அங்கே கூடாரம் தைக்கும் தொழிலில் பவுலுக்குக் கூட்டாளிகள். பிறகு எபேசு, திரும்ப ரோம். கையில் தொழில் இருக்கிறவன் வேலை கிடைக்கும் ஊருக்குப் போவான், ஒரு ஊரில் கூட இருந்தவன் மறு ஊரில் தட்டுப்படுவான். சிப்காட் வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அரை மணி நின்றால் புரிந்துவிடும்.

இப்போது "வாழ்த்துங்கள்" என்ற சொல். இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வந்தது, பவர் தலைமையிலான குழு செய்தது. அதில் இந்த அதிகாரம் முழுக்க வாழ்த்துங்கள்தான். தமிழில் வாழ்த்துவது என்றால் பெரியவர் சின்னவரை வாழ்த்துவது, அல்லது மேடையில் துண்டு போட்டு வாழ்த்துவது. கிரேக்கச் சொல்லோ வீட்டுக்கு வந்தவரைக் கட்டிக்கொள்வது, நலம் கேட்பது, வரவேற்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல். "கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று போட்டிருந்தால் அந்த அதிகாரம் நம் வீட்டுக் கடிதம் மாதிரியே இருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, பரிசுத்த வேதாகமத்துக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்தச் சொல்லின் இலக்கணம்தான் முக்கியம். நான் ரூபுவை விசாரிக்கிறேன் என்று பவுல் எழுதவில்லை. நீங்கள் போய் ரூபுவை விசாரியுங்கள் என்று எழுதுகிறார். ரோமில் அன்று கோயில் கட்டடம் ஏது? ஆக்கில்லா வீட்டில் கூடுகிற சபை ஒன்று, இன்னும் யார் யார் வீட்டிலோ கூடுகிறவர்கள் சிலர். அந்தக் கூட்டங்களுக்குள் சண்டையும் இருந்திருக்கிறது. என்ன சண்டை? 14-ம் அதிகாரத்தைப் பாருங்கள், சாப்பாட்டுச் சண்டை! ஒருவன் எல்லாம் தின்பான், ஒருவன் கீரை காய்கறி மட்டும் தின்பான், ஒருவரை ஒருவர் மட்டமாகப் பார்ப்பார்கள். (மீன் பொரித்த பாத்திரம் நினைவிருக்கிறதா?) இரண்டு அதிகாரம் அவர்களுக்குப் புத்தி சொன்ன பவுல், கடைசியில் கையில் பட்டியலைக் கொடுத்து அந்த வீட்டுக்குப் போ, இந்த வீட்டுக்குப் போ, போய் நான் கேட்டதாகச் சொல் என்று அனுப்புகிறார். போகிறவன் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டபின் பேசாமல் எப்படி இருப்பது? புத்திமதி தந்த இரண்டு அதிகாரத்தைவிட இந்தப் பட்டியல்தான் அதிகம் வேலை செய்திருக்கும்.

பட்டியலை முடிக்கும்போது பரிசுத்த முத்தத்தோடு ஒருவரையொருவர் விசாரியுங்கள் என்கிறார். இதையே கொரிந்தியருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதும் கடிதங்களிலும் சொல்கிறார். கூட்டத்தில் கடிதத்தை உரக்க வாசித்து முடித்ததும் எஜமானும் அடிமையும் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அன்றைக்கு அது லேசான காரியம் இல்லை. நம் ஊரில் இந்த வழக்கம் கையோடு கை சேர்ப்பதாக மாறிவிட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் வெளியிட்ட நற்கருணை ஆராதனை முறையில் அந்தச் சமாதானம் கைமாறும் சடங்கு இருக்கிறது, பக்கத்தில் நிற்பவரின் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கிக்கொள்வது. ஆச்சி கடிதத்தில் அனுப்பிய முத்தம் எந்தச் சடங்குக்குள்ளும் அடங்காது என்பது வேறு விஷயம்.

இந்தக் கடைசி வரி வழக்கம் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. எகிப்தின் வறண்ட மணல் ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் கடிதங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதில் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கடிதம் பிரசித்தம், ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1908-ல் எழுதிய புத்தகத்தால் பலருக்கும் தெரியவந்தது. எகிப்துப் பையன் ஒருவன், பெயர் அப்பியோன், ரோமக் கடற்படையில் வேலை கிடைத்து இத்தாலிக்குப் போகிறான். கிறிஸ்தவன் இல்லை, அவன் நன்றி சொல்வது செராப்பிஸ் சாமிக்கு. கடலில் ஆபத்து வந்து தப்பித்தேன், வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கொடுத்தார்கள், எனக்கு வேலையில் வைத்த புதுப் பெயர் இது, என் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். பிறகு அவரைக் கேட்டதாகச் சொல்லவும், இவரைக் கேட்டதாகச் சொல்லவும். இடம் தீர்ந்துபோய் இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறது, கூட இருக்கும் ஊர்க்காரப் பையன்கள் உங்களைக் கேட்கிறார்கள் என்று! இன்லேண்ட் லெட்டரின் ஓரத்தில் எழுதிய எவரும் அப்பியோனுக்கு உறவுக்காரர்தான்.

அந்தக் காலத்துக் கிரேக்கக் கடிதம் முடிவது "எர்ரோசோ" என்ற சொல்லில். திடமாக இரு, சுகமாக இரு என்று பொருள். பவுல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கர்த்தருடைய கிருபை உங்களோடு இருப்பதாக என்ற பொருளில் முடிக்கிறார். உடம்பு திடமாக இருந்தால் சரி என்று முடிந்த இடத்தில், தன் பலத்தால் வராத ஒன்றை வைக்கிறார். எல்லாக் கிறிஸ்தவர்களும் இதைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ல் எருசலேம் சபை அனுப்பும் கடிதம் பழைய சொல்லில்தான் முடிகிறது. இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தியோகியா இஞ்ஞாசியார், சிங்கத்துக்கு இரையாக ரோமுக்குச் சங்கிலியில் இழுத்துப்போகும் வழியில் எழுதிய ஏழு கடிதங்களிலும் அந்தப் பழைய சொல் வருகிறது, கிறிஸ்துவுக்குள் திடமாயிருங்கள் என்ற பாணியில். சாகப் போகிறவன் மற்றவர்களைத் திடமாக இரு என்கிறான். துரோவாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் இரண்டில், சிமிர்னா ஊரில் ஆல்க்கே என்று ஒரு பெண்ணைத் தனியாக விசாரிக்கிறார், எனக்குப் பிரியமான பெயர் என்று சொல்லி. அவர் யார், என்ன செய்தார் என்றெல்லாம் இல்லை. பெயர் மட்டும் 1900 வருஷமாக இருக்கிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முடிவில் "மாரநாதா" என்று ஒரு சொல். கிரேக்கக் கடிதத்தில் அரமேயச் சொல்! எங்கள் ஆண்டவரே வாரும் என்று பொருள் சொல்வார்கள். வாசித்த கொரிந்தியருக்கு அரமேயம் தெரிந்திருக்காது, ஆனாலும் ஜெபத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும். மூன்று மொழி புழங்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

அம்மாவின் புளியங்கொட்டை எழுத்துக்கும் நிருபங்களில் ஜோடி உண்டு. எழுதிக் கொடுப்பவன் எழுதி முடித்ததும் பவுல் கோலை வாங்கிக் கடைசி வரியைத் தன் கையால் எழுதுவார். கொரிந்தியருக்கு அப்படிச் சொல்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது, பாருங்கள் எவ்வளவு பெரிய எழுத்தில் என் கையால் எழுதுகிறேன் என்கிறார். கண் பார்வை மோசமா, அழுத்திச் சொல்வதற்கா, எழுத்துத் தொழில் பழகாத கையா என்று ஆளுக்கொரு விளக்கம். கொலோசெயரில் என் கையெழுத்து இது என்று சொன்ன கையோடு, என் கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒரு வரி. விலங்கு பூட்டிய கை கோலைப் பிடித்தால் எழுத்து எப்படி இருக்கும்? நம் கையில் இருப்பதெல்லாம் பிரதிக்குப் பிரதி எடுத்தவை. அந்தக் கோணல் எழுத்தை யாரும் பார்க்க வழியில்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இந்தக் கையெழுத்துதான் என் எல்லாக் கடிதங்களுக்கும் அடையாளம் என்கிறார். அதே நிருபத்தில், எங்கள் பெயரில் வந்ததாகச் சொல்லும் கடிதத்தைக் கண்டு கலங்காதீர்கள் என்றும் எச்சரிக்கை. அதாவது போலிக் கடிதம் அன்றே உண்டு. இதில் ஒரு சிக்கல்: அந்த நிருபத்தையே பவுல் எழுதவில்லை, பின்னால் வந்தவர் எழுதினது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். கொலோசெயர், தீமோத்தேயு பற்றியும் அந்த விவாதம் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒன்று தெரிகிறது. பவுலைப் போல எழுத நினைத்தவர்களும் கடைசி விசாரிப்பை விட்டுவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அறிந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு பெயர், தேமா. பிலேமோனுக்கு எழுதிய சின்ன நிருபத்தின் முடிவில் உடன்வேலையாட்கள் பட்டியலில் மாற்கு, லூக்காவோடு தேமாவும் கேட்கிறான். கொலோசெயரில் மறுபடி வருகிறான். ஆனால் அங்கே லூக்காவுக்குப் பிரியமான வைத்தியன் என்று பட்டம், எப்பாப்பிராவுக்கு நீளமான பாராட்டு, தேமாவுக்கு வெறும் பெயர் மட்டும். தீமோத்தேயுவுக்கான இரண்டாம் நிருபத்தில் தேமா என்னை விட்டுத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான் என்று வருகிறது. வரும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் விட்டுவந்த மேலாடையைக் கொண்டு வா, குளிர் காலத்துக்கு முன்னே வந்து சேர். இந்த மாற்கு முன்பு பவுல் கூட்டிப்போக மாட்டேன் என்று பர்னபாவோடு சண்டை போட்டதற்குக் காரணமான அதே ஆள். ஒருவன் பட்டியலிலிருந்து போகிறான், ஒருவன் திரும்பி வருகிறான். நிருபத்தின் நடுப்பகுதியை மட்டும் வாசிப்பவனுக்கு இரண்டுமே தெரியாது.

ஜெபக் கூட்டத்திலிருந்து எழுந்து போனவன் அன்று ராத்திரி தெருவிளக்கடியில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். அதுவரை அவன் எழுதின கடிதமெல்லாம் அரைப் பக்கம்தான். எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரே வரியில் ஊரையே முடித்துவிடுவான். யோவான் எழுதிய மூன்றாம் நிருபம், நண்பர்களைப் பேர்பேராக விசாரி என்று சொல்லி முடிகிறது. அன்று அவன் பேர்பேராக எழுதினான். பெரியப்பா, சித்தி, கோயில் பிள்ளை, கிழிந்துபோன மாமாக்கள் இருவரும் தனித்தனியாக. எழுதிக் கொடுக்கும் தங்கச்சியை நான் கேட்டேன், உன் வரியைப் பார்த்தேன், அப்போது பார்க்காமல் விட்டேன் என்று ஒரு வரி. தாள் தீர்ந்து ஓரத்துக்கு ஏறி, மடிப்புக்கு வந்து, கிழிபடாத இடமாகப் பார்த்து எழுதினான்: கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனால் ஆச்சியை நான் கேட்டதாகச் சொல்லவும்.

பதினோரு நாளில் பதில் வந்தது. மழை இல்லை. ஓலை விலை ஏறிவிட்டது. மணியார்டர் வந்து சேர்ந்தது. பெரியப்பா கேட்டார்கள். சித்தி கேட்டாள். கோயில் பிள்ளை கேட்டார். மாமாக்கள் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஆச்சியிடம் போய்ச் சொல்லியாயிற்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், நானும் கூடப் போனேன் அண்ணா. அதற்கும் கீழே அம்மாவின் பெயர், ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே.